தலையசைப்பு

இசைச் சங்கத் தலைவர் பதக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். கழுத்தில் மாட்டலாம் என்றால் ஆக்ஸிஜன் குழாய் குறுக்கே வந்தது. கடைசியில் தலையணை ஓரத்தில், மருந்துச் சீசாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, புகைப்படக்காரரைப் பார்த்து வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.

"மேடம், புது அரங்கத்துக்கு உங்க பேரத்தான் வைக்கலாம்னு இருக்கோம். சம்மதந்தானே?"

பியானோ மேதை கண்ணைத் திறக்கவில்லை. முகவாய் மட்டும் லேசாக இறங்கி ஏறியது.

"பாத்தீங்களா? தலையாட்டிட்டாங்க! எடுத்தியாப்பா?"

கட்டிலின் இடப்பக்க நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் அவருக்குத்தான் தெரியும். ‘பக்கத்தைத் திருப்பு’ என்று.

கல்யாணமான புதிதில் மேதை ஒரு கச்சேரி நடுவே வழி தவறிவிட்டாள். வாசித்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்து, இருமி, எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எதிரே இசைத்தாள் இல்லாமல் உட்கார்ந்ததே இல்லை. பேட்டிகளில், "மனப்பாடம் பண்றது பரிட்சை எழுதறவங்க வேலை" என்பாள். அந்த அடக்கத்தைப் பற்றி விமர்சகர் ஒருவர் அரைப் பக்கம் எழுதினார்.

தாள் இருந்தால் திருப்ப ஆள் வேண்டும். முதல் ஆளுக்கு மூக்கு விசிலடித்தது. இரண்டாவது ஆள் சோகமான இடத்தில் அழுதுகொண்டே திருப்ப மறந்துவிட்டான்.

"பேசாம நீங்களே வந்துடுங்க. உங்களுக்கு ஒரு இழவும் புரியாது. அதனால அழ மாட்டீங்க" என்றாள் கணவரிடம்.

அது உண்மைதான். குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவருக்கு அந்தத் தாள்கள் எறும்பு மைக்குள் விழுந்து எழுந்து நடந்த தடம் போலத்தான் தெரிந்தன. கடைசிவரை படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவளுடைய வலது கால் பியானோவின் மிதிக்கட்டையை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இடது கையை நீட்டித் தாளின் மேல்மூலையைப் பிடித்துக்கொள்வார். அவள் தலையாட்டினால் திருப்பிவிட்டு உட்காருவார். எத்தனை பக்கம் பாக்கி என்று தெரியாது. ஜனங்கள் கைதட்டினால் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"மேடையில நீங்க இல்லாத ஆளு. ஞாபகம் வச்சுக்கோங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். எழுந்து வணங்கும்போது பியானோவுக்குச் சுருதி கூட்டியவர் பக்கம்கூடக் கை நீட்டுவாள். இவர் கறுப்புக் கோட்டுக்குள் இல்லாமலே இருப்பார். அந்த விதி எப்போது மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தது என்று அவருக்கு நினைவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை. இன்றைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வீட்டுக்கு வந்த டாக்டர் சொல்லிவிட்டார். கணவருக்கு அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஆனால் போர்வைக்குள் அவள் வலது பாதம் அழுந்தி விடுபட்டுக்கொண்டிருந்தது. மனதுக்குள் வாசித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது கேட்டால் வரும் தலையாட்டல் தனக்கா, தாளுக்கா என்று தெரியாமல் போய்விடும்.

மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. விமர்சகர் குனிந்து, "உங்க மௌனத்துலதான் இசையே இருக்குன்னு எழுதினேனே, சரிதானேம்மா?" என்றார். முகவாய் இறங்கி ஏறியது. "எனக்கு இது போதும்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார். மூத்த சிஷ்யை வந்து, "டீச்சர், உங்க வாரிசு நான்தானே?" என்று கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டாள். அவள் வெளியே போனதும் இளைய சிஷ்யை வந்து அதையே கேட்டாள். அவளுக்கும் கிடைத்தது.

கூடத்தில் சண்டை மூண்டது.

"எனக்கு நல்லாவே ஆட்டினாங்க."

"உனக்கு ஆட்டினது கொட்டாவிடீ!"

மகள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சரின்னுட்டாங்க போல. பியானோ மேலயே கைப்பைய வச்சுட்டு அடிச்சுக்கறாங்க. இப்ப யாருக்குன்னு சொல்றது?"

"யாருக்கும் இல்லம்மா."

"பின்ன?"

"பக்கம் திருப்பச் சொல்றா."

மகள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ராத்திரி பூரா தூங்கல நீங்க. இருங்க, காபி கொண்டுட்டு வரேன்."

கதவு மூடியது. போர்வைக்குள் பாதம் மெல்ல மெல்ல நின்றது.

அவர் குனிந்தார். அவள் காதருகே இவ்வளவு நெருங்கி வெகுகாலமாகியிருந்தது.

"நான் யாருன்னு தெரியுதா?"

முகவாய் அசையவில்லை.

"நான்தான். தெரியுதா உனக்கு?"

பதக்கம் தலையணையிலிருந்து சரிந்து அவள் தோளில் முட்டியது. அதை எடுத்து அப்பால் வைத்தார். இன்னும் காத்திருந்தார்.

பாதம் மறுபடி அழுந்தியது. அடுத்த பகுதியைத் தொடங்கிவிட்டாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கச்சேரிக்குமுன் செய்வதுபோல, கையிலிருந்த கடிகாரத்தைச் சத்தம் வராமல் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இடது கையை அவள் முகத்துக்கு மேலே நீட்டினார். முகவாய் இறங்கியது. திருப்பினார். உட்கார்ந்தார்.

மறுபடி எழுந்து கையை நீட்டினார்.

வெளியே யாருடைய பையோ இடித்து, பியானோவின் தாழ்சுருதிக் கட்டைகள் நாலைந்து ஒன்றாக உறுமி ஓய்ந்தன. சண்டை நின்றது. மகள் காபியோடு உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அருகே போய், மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். போர்வைக்குள் எதுவும் அசையவில்லை.

"அப்பா…" என்றாள். "உக்காருங்கப்பா."

"இரும்மா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "இன்னும் தலையாட்டல."

நீட்டிய கையின் இரு விரல்கள், அங்கே இல்லாத தாளின் மூலையைப் பிடித்தபடியே இருந்தன.