குட்டைக்கால் நாய்களின் ஓட்டம்

காதுகள் இரண்டும் மேலே எழும்பி, பின்னால் மடிந்து, மறுபடி முன்னால் விழ, வயிறு புல்லை உரச அது என்னை நோக்கி ஓடி வருகிறது, கால்கள் இருப்பதே தெரியவில்லை, நீளமான பழுப்பு உடம்பை யாரோ கயிறு கட்டி இழுப்பது போலிருக்கிறது, நான் குப்புறக் கிடக்கிறேன், தலையை உயர்த்த முடியவில்லை, பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குகிறார்கள், அது கிட்ட வர வர எனக்கு வருவது பயமா வேறேதுமா என்று தெரிவதற்குள் விழித்துவிடுகிறேன், காலை, நிலவறை யன்னல் சீலையை இழுத்து மூடியும் வெயில் ஓரத்தால் நுழைகிறது, பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவனுக்குக் காலைதான் படுக்கிற நேரம், கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டபோது கொஞ்ச நாளைக்கென்று சேர்ந்த வேலை, அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை, எனக்கு அதில் முறைப்பாடும் இல்லை, நித்திரை துண்டு துண்டாக வரும், துண்டுகளுக்கு நடுவில் அந்த நாய் ஓடி வரும்.

போன சனிக்கிழமை, ஜெர்மன் கிளப்பின் கோடைத் திருவிழா, ஒரு காலத்தில் பெர்லின் என்று பெயர் இருந்த ஊர் கனடாவின் இந்தக் கிச்சினர், பெயரை மாற்றினார்கள், ஆட்களை மாற்ற முடியவில்லை, வருடா வருடம் தோல் காற்சட்டையும் இறகு செருகிய தொப்பியும் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள், நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது திருவிழா பார்க்க அல்ல, அடுத்த மாதம் தங்கச்சி நிரஜாவுக்குக் கலியாணம், அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், தாரை வார்க்கிறதுக்கு உன்ரை மாமன் இருக்கிறான்தானே, அவன் வார்க்கட்டும், நான் வீட்டிலை இருந்து கும்பிடுறன், என்று தொலைக்காட்சியைப் பார்த்தபடி சொன்னார், நிரஜா அழவில்லை, சேலைகளைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினாள், அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும், சித்தியின் மகனின் கலியாண மண்டபத்தில் பலூன் வளைவு ஒன்று மொத்தமாக வெடித்தபோது அப்பா கோட்டும் சூட்டுமாக மேசைக்குக் கீழே குப்புற விழுந்தார், அவர் வந்த இடத்தில் ஷெல் சத்தம் கேட்டதும் படுத்தவன் எழும்பினான், திரும்பிப் பார்த்தவன் எழும்பவில்லை, உடம்பு அதைப் படித்துவிட்டது, இனி மறக்காது, ஆனால் யாரோ ஒரு பொடியன் அதை போனில் பிடித்தான், சிரிக்கும் முகங்களோடு அது வாட்ஸ்அப்பில் லண்டன் வரை போனது, அதற்குப் பிறகு அப்பா வேலைக்கும் வீட்டுக்கும் தவிர எங்கேயும் போனதில்லை.

எங்களைத் தெரியாத ஆட்களுக்கு நடுவில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும் என்று நினைத்தேன், கிளப்புக்கு போன் எடுத்து வாணவேடிக்கை இருக்கிறதா என்று கேட்டேன், இந்த முறை இல்லை என்றார்கள், பீரங்கி இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, யாருக்குத் தோன்றும்.

அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டு வந்தார், அதன் பொக்கற்றில் ஈயத்தாளில் சுற்றிய மட்டன் ரோல்ஸ், எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் சாப்பாட்டை நம்பிப் போவதில்லை, எங்கும் பன்றி சொசேஜ் புகைகிறது, அக்கோடியனும் பெரிய பித்தளைக் குழலும் ஊதுகிறார்கள், நீட்டிய கையில் பியர்க் குவளையை யார் கூட நேரம் தாங்குவது என்று ஒரு போட்டி, கை நடுங்கி ஒவ்வொருத்தராக விலகுகிறார்கள், உதைக் குடிச்சுப்போட்டு வீட்டை போகாமல் ஏனடா தூக்கிக்கொண்டு நிக்கிறாங்கள், என்கிறார் அப்பா. மேடையில் ஆண்கள் துள்ளித் துள்ளித் தங்கள் தொடையிலும் சப்பாத்திலும் அறைந்து ஆடுகிறார்கள், ஒவ்வொரு அறைக்கும் நான் அப்பாவின் தோளைப் பார்க்கிறேன், தோள் அசையவில்லை, உவங்களுக்கு நுளம்பு கடிக்குதோ, என்று மட்டும் கேட்கிறார், சரி, நல்லது, இது சரிவரும்.

பிறகு நாய் ஓட்டம், குட்டைக்கால், நீள உடம்பு, தரையோடு தரையாய் நிற்கும் ஜெர்மன் நாய்கள், பாதியிலை பிடிச்சு இழுத்துவிட்ட மாதிரிக் கிடக்கு, என்றார் அப்பா, தொடக்கத்தில்தான் சத்தம் இருக்கும் என்று நான் அவரை முடிவுக்கோட்டுப் பக்கம் கயிற்றோரம் நிறுத்தினேன், அங்கே நாய்க்காரர்கள் தங்கள் நாய்களைக் கூப்பிடுவதற்காகப் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தார்கள், நாயின் கண்மட்டத்தில் முகம் இருந்தால்தான் அது நேரே ஓடிவருமாம், பின்னால் பச்சைத் தொப்பிக்காரர்கள் வரிசையாக வந்து நின்றதை நான் பார்க்கவில்லை, கையில் தூக்கிப்பிடிக்கிற சின்னப் பீரங்கி, மருந்து கெட்டித்து, ஒரே நேரத்தில் வெடித்தார்கள், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற மரியாதை அது.

நெஞ்செலும்பு அதிர்ந்தது, திரும்பினேன், அப்பா இல்லை, கயிற்றுக்குக் கீழே, புல்லில், நாய்க்காரர்களுக்கு நடுவில் குப்புறக் கிடக்கிறார், முகம் மண்ணில், விரல்கள் புல்லைப் பிடித்திருக்கின்றன, எல்லாம் முடிந்தது, இனி இவர் வீட்டு வாசலும் தாண்டமாட்டார், நிரஜாவின் கையை மாமாதான் பிடித்துக் கொடுப்பார், என்று நினைத்தபோதே நானும் கயிற்றுக்குள் புகுந்து பக்கத்தில் படுத்துவிட்டேன், யோசித்துச் செய்ததல்ல, அவரைத் தூக்கி நிறுத்தினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அப்பா, இது சும்மா வெடி, நாய் ஓட்டத்துக்கு, என்றேன், அவர் கேட்கவில்லை, தலையைக் குனியடா, என்றார், உள்ளங்கையை என் பிடரியில் வைத்து மண்ணோடு அழுத்தினார், நான் அவரைவிடப் பெரியவன், மாவு மூட்டை தூக்குகிறவன், தலையை உயர்த்த முடியவில்லை.

அப்போதுதான் அது வந்தது, காதுகள் பறக்க, வழியை விட்டு விலகி, தன் எசமானியைத் தாண்டி நேரே அப்பாவிடம், மூக்கை அவர் நெஞ்சுக்கும் புல்லுக்கும் நடுவில் செருகி, பொக்கற்றைக் கிழித்து, ஈயத்தாளோடு ரோல்ஸை இழுத்து வெளியே எடுத்துவிட்டது. சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அப்பாவின் காதில் விழுவதை என் பிடரியில் இருந்த அவர் கையில் உணர்ந்தேன், விரல்கள் இறுகின, பிறகு அவர் மெல்லத் தலையைத் திருப்பினார், ஒரு பக்கம் தோல் காற்சட்டை போட்ட தடித்த மனிதர் குப்புறக் கிடந்து நிலத்தில் அடித்து அடித்துத் தன் நாயைக் கூப்பிடுகிறார், மறுபக்கம் ஒரு வெள்ளைத்தலை அம்மா முழங்கையில் ஊன்றிக் கிடக்கிறாள், எல்லோரும் நிலத்தில், எல்லோரும் புல்லில். அந்த அம்மா இங்கிரிட், நாய் அவளுடையது, வால்டி என்று பெயர், அவள் அப்பாவைப் பார்த்து, வால்டி மூன்று கோடையாக என்னிடம் ஓடி வந்ததில்லை, நீங்கள் முதல் தடவையிலேயே வரவைத்துவிட்டீர்கள், என்ன வைத்திருந்தீர்கள், என்று ஆங்கிலத்தில் கேட்டாள், ஒலிபெருக்கியில் ஒருவன் வால்டி சாப்பாட்டு இடைவேளைக்குப் போய்விட்டதாக அறிவித்தான், அப்பா கிழிந்த பொக்கற்றைப் பார்த்தார், மட்டன், என்றார், பிறகு நாயிடம் தமிழில், உறைப்படா, வயித்தாலை போகப்போகுது, என்றார், அவர் தோள் குலுங்கியது, அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், சிரிக்கிறார், என் பிடரியில் இருந்து கையை எடுக்காமலே சிரிக்கிறார்.

காரில் வீடு திரும்பினோம், அவர் சேர்ட்டில் புல் கறை, பொக்கற் ஒரு பக்கமாகத் தொங்கியது, சிவப்பு விளக்கில் நின்றபோது, மாப்பிள்ளை பகுதி வெடி கொளுத்துவினமோ, என்று கேட்டார், ஓம் அப்பா, கொளுத்துவினம், வேண்டாமெண்டு நான் சொல்லட்டோ, என்றேன். வேண்டாம், அது அவையின்ரை ஆசை, நீ எனக்குப் பக்கத்திலை நில், என்றார், விளக்கு பச்சையாகி பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், நான் விழுந்தா நீயும் விழு. சரி, என்றேன். வேட்டியோடை விழவேணும், உள்ளுக்குக் காற்சட்டை போட்டுக்கொண்டு வா, என்றார்.

மேலே நிரஜா சேலைப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்கிறது, அப்பா ஏதோ நிறம் சரியில்லை என்கிறார், அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறேன், காதுகள் இரண்டும் எழும்பி விழ, வயிறு புல்லை உரச அது வருகிறது, தலையை உயர்த்த முடியவில்லை, பிடரியில் சூடாக ஒரு கை இருக்கிறது, நான் உயர்த்தப் பார்க்கவும் இல்லை, வரட்டும்.