நத்தைக்காரரின் அடைப்புக்குறிகள்

கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கடல் நத்தையை வேறு பேரினத்துக்கு மாற்றிய செய்தி அச்சில் வந்த வியாழக்கிழமை காலை, நத்தைக்காரரின் இரண்டு பக்கமும் ஆளுயர அடைப்புக்குறிகள் முளைத்தன. அவர் அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தது முளைத்த வேகத்தில் டம்ளர் உருண்டு மேசைவிரிப்பு நனைந்தது. அதைத் துவைத்துப் போட்டதோடு அன்றைய பொழுது போயிற்று.

அந்த நத்தைக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர் அவர்தான். அருங்காட்சியகத்தில் சேர்ந்த புதிதில், பாசியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு கூட்டை லென்ஸில் பார்த்து, சுருளின் அழகை வைத்தே அதை ஒரு பேரினத்தில் சேர்த்துவிட்டார். நத்தைக்கு நாக்கில்தான் பல்; அது எந்த வம்சம் என்பது பல்லைப் பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கூட்டை உடைக்க வேண்டும். இருந்ததே ஒன்று, அவருக்கு மனசு வரவில்லை. பிறகு அவர் செய்த வேலை எதையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பெயர் உலகத்தில் தொற்றிக்கொண்டிருந்தது அந்த நத்தையின் பெயருக்குப் பின்னால் மட்டும்தான்.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவர் மனைவி அருங்காட்சியகத்தில் அவர் இருந்த அதே அறையில் வேலை பார்த்தாள். பாசியை அலசி அலசி, உயிருள்ள நத்தைகளைப் பிடித்து, சதையைக் கரைத்துப் பல்லை எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்க ஒரு கண்ணாடிச் சில்லில் பதித்துவிட்டாள். வேறு பேரினம். இப்படி மாற்றினால், முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போடுவது அந்தத் துறையின் வழக்கம். அது தெரிந்துதான் பல வருஷம் அந்தக் கண்ணாடிச் சில்லை அலமாரியிலேயே வைத்திருந்தாள். கடைசியில் ஒரு நாள், துணி மடிக்கும்போது சொன்னாள்.

“பல்லைப் பாத்தேங்க.”

“நல்லாப் பாத்தியா?”

“கண்ணு வலிக்க வலிக்கப் பாத்தேன்.”

“அப்ப எழுது. என்னை எதுக்குக் கேக்கற?” என்றவர் அன்று பகல் முழுக்க ஒரே தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தார்.

அடைப்புக்குறிகள் நத்தைக்கூட்டின் வெள்ளை நிறத்தில் குளுகுளுவென்றிருந்தன. அவர் போகுமிடமெல்லாம் கூடவே வந்தன. கதவுகளில் அவர் நண்டு மாதிரி நுழைந்தார். பஸ்ஸில் கண்டக்டர், “பெரியவரே, மூணு பேர் இடத்தை ஒருத்தரே அடைச்சா எப்படி?” என்றார். அவற்றை உடைத்தெடுக்க வந்த கொத்தனாரின் உளி மழுங்கியது. அவர் கூலி வேண்டாம் என்று போய்விட்டார். பார்க்க வந்த நாத்தனார், “கட்டின புருஷனை இப்படிப் பெட்டியில போட்ட மாதிரி போட்டுட்டீங்களே அண்ணி, உங்களுக்கு வேற நத்தையே கிடைக்கலையா?” என்று மூக்கைச் சிந்தினாள். “கிடைச்சது இதுதான்” என்றாள் மனைவி. கட்டிலில் அவர் படுத்தால் இன்னொருத்தருக்கு இடமில்லாததால் அவள் சோபாவில்தான் படுத்தாள். முதுகு போயிற்று. அவரும் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. தன் முடிவில் சந்தேகம் என்று அவள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், நத்தை பழைய இடத்துக்குப் போகும், அடைப்புக்குறிகளும் போய்விடும். ஒரு நாள் வேலைக்குப் போனவள், எழுதிவிடுவது என்றுதான் பேனாவைத் திறந்தாள். அதற்கு முன் இன்னொரு முறை பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அதே பல்லுதாங்க. என்னால பொய் எழுத முடியல.”

அவர் அவள் கழற்றாத செருப்பைப் பார்த்தார். பிறகு, “எனக்கு அதைக் காட்டவே இல்லையே நீ” என்றார்.

“நீங்க கேக்கவே இல்லையே.”

ஞாயிற்றுக்கிழமை நுண்ணோக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்தால் அடைப்புக்குறிகள் இடித்தன. அதனால் அதைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை கடுத்தது. அவர் அவசரப்படவில்லை.

“சீப்பு மாதிரி வரிசையா இருக்கு” என்றார். “வேற பேரினம்தான். நான் வச்ச இடம் தப்பு.”

மத்தியானம் அவர் படுத்தபோது, இடப்பக்க அடைப்புக்குறி ஒரு தலையணை அகலத்துக்கு நகர்ந்து கொடுத்தது. அவள் கால்மாட்டு வழியாக ஏறி உள்ளே படுத்தாள். குளுமையான அந்த வளைவு முதுகுவலிக்கு இதமாக இருந்தது. அன்றிலிருந்து ஈரத் துண்டுகளையும் அதன்மேல்தான் காயப்போடுகிறார்கள்.