துளசிங்கம் பேசாதிருந்த வருஷம்

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் பஸ்ஸில் கண்டக்டர் துளசிங்கத்தின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஏறுகிறவர்கள் உண்டு என்பார் டிரைவர் வாஹித். நூல் மூட்டையோடு ஏறும் நெசவுக்காரருக்கும், மொட்டை போட்டு மலையிலிருந்து இறங்கிய வெளியூர்க் குடும்பத்துக்கும் தமிழிலோ தெலுங்கிலோ ஆளுக்கொரு பேச்சு வைத்திருப்பார். ஒரே மகள் வள்ளிநாயகி பள்ளியிறுதித் தேர்வில் தேறியதை பஸ் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அந்த வருஷம் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. "அடுத்த வருசம் சேத்துடலாம். யாரு குறுக்க வந்தாலும் நான் பேசிக்கறேன்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஓயாமல் உழைத்ததில் பிடித்த தலைவலி அவரை விடவில்லை. ஊரிலிருந்த டாக்டர் ஒருவர், கையில் பட்டை கட்டிப் பார்த்து, ரத்தக் கொதிப்பு என்று சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது, நம் நாட்டு வேர்தான், பயமில்லை என்றார். தலைவலி போயிற்று. துளசிங்கம் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டார்.

முதலில் மூக்கு அடைத்தது. சளி என்று அவர் மனைவி ஜெயம்மாள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். பிறகு பேச்சு குறைந்தது. ஐப்பசி மழை ஓய்வதற்குள், டிக்கெட்டுக்கு ஊர் கேட்பதோடு அவர் வாய் மூடிக்கொண்டது. காலையில் எழுந்து உட்காருவதே பெரும்பாடு. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பார். சில சமயம் காரணமில்லாமல் கண்ணீர் வழியும்.

"இன்னாங்க, எதுனா மனசுல வெச்சிகினு இருக்கிறீங்களா?" என்று ஜெயம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

அது உண்மைதான். உள்ளே ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை.

தை மாதம் ஜெயம்மாளின் அண்ணன் சுந்தரமூர்த்தி ஆர்.கே.பேட்டையிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்தார். விசைத்தறி வைத்திருந்த தன் மகனுக்கு வள்ளிநாயகியைக் கேட்டார். ஜெயம்மாளுக்குச் சந்தோஷம். வள்ளிநாயகி அடுக்களை வாசலில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இன்னா சொல்றீங்க மாப்ள?"

என்ன சொல்ல வேண்டும் என்பது துளசிங்கத்துக்குத் தெரிந்தே இருந்தது. அதை எடுத்து வெளியே வைக்கும் தெம்புதான் இல்லை.

"உங்க இஷ்டம்" என்றார்.

"நைனா!" என்று வள்ளிநாயகி கூப்பிட்டாள். அவர் தலை நிமிரவில்லை.

மாசியில் கல்யாணம் நடந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள், பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து எழுந்த துளசிங்கம் கண் இருட்டிப் படிக்கட்டில் சரிந்தார். வாஹித் அவரை அரக்கோணத்தில் தனக்குத் தெரிந்த டாக்டர் ஜமீல் அகமதுவிடம் கூட்டிப்போனார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். மாத்திரையை வாங்கிப் பார்த்ததும், "மனசு எப்படி இருக்குது?" என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் அப்படிக் கேட்டதில்லை. துளசிங்கம் பேச்சு நின்றதிலிருந்து நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பயமோ கோபமோ வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதில்ல, அதுக்குன்னு தனியா நரம்புங்க இருக்குது. பரிவு நரம்புன்னு சொல்லுவாங்க" என்றார் டாக்டர். "அந்த நரம்பு முனையில சேந்திருக்கிற சத்தை இந்த மாத்திரை காலி பண்ணிடும். ரத்தக் குழாய் தளர்ந்து கொதிப்பு எறங்கும். மூளையிலயும் அதே மாதிரி சத்து இருக்குது. அங்கயும் காலியாச்சுன்னா மனசு இப்படிப் படுத்துடும்."

"எல்லாருக்குமா சார்?"

"இல்ல. சில பேருக்கு."

மருந்தை மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில், ஆட்டுக்குட்டியோடு ஏறிய கிழவியிடம் துளசிங்கம், "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. வாஹித் திரும்பிப் பார்த்தார். அன்று மதியமே தாம்பூலத் தட்டு வந்த நாள் முழுசாகத் துளசிங்கத்தின் நினைவில் எழுந்தது. அடுக்களை வாசலில் நின்ற மகளின் முகமும் தெரிந்தது. மறுநாள் மகள் வீட்டுக்குப் போனார்.

வள்ளிநாயகி தறிக் கொட்டகையை ஒட்டி உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மாத்திரை தன்னை என்ன செய்தது என்பதை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் ராட்டையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

"அன்னைக்கு உன்னையே பாத்துகினு இருந்தேன் நைனா. ஊருக்கெல்லாம் பேசறவரு, எனக்குன்னு வந்தா பேசமாட்டாருன்னு நினைச்சிகினேன்."

"இப்ப பேசறேம்மா. உன் மாமனாருகிட்ட சொல்லி உன்ன படிக்க அனுப்பறேன்."

"வேணாம். முழுகாம இருக்கேன். எங்க வூட்டுக்காரரு நல்லவருதான். நீ எதுவும் பேசாத."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

வீடு திரும்பி ஜெயம்மாளிடம் சொன்னபோது அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "நீங்க அப்படி ஆனதுல எங்கண்ணன் கேட்டது சுளுவா முடிஞ்சுதுன்னு நான் மேல எதுவும் கேக்காம விட்டுட்டேன்" என்றாள்.

டாக்டர் சொன்ன 'சில பேருக்கு' என்ற வார்த்தை துளசிங்கத்தை அரித்தது. வாயடைத்தது மாத்திரை மட்டும்தானா? அது இல்லாதிருந்தால் மச்சானை முகத்துக்கு நேரே மறுத்திருப்பாரா? அதற்கு முன்னாலும் மச்சான் பேச்சைத் தட்டியதில்லையே. அடுத்த முறை அரக்கோணம் போனபோது இதை டாக்டரிடமே கேட்டார். "அது எந்தச் சோதனையிலயும் தெரியாதுங்க" என்றார் ஜமீல் அகமது.

பிரசவத்துக்கு வள்ளிநாயகி திருத்தணி வந்தாள். ஆண் குழந்தை. துளசிங்கம் லீவு போட்டுவிட்டு, தொட்டிலருகே உட்கார்ந்து பேரனிடம் நாளெல்லாம் பேசினார். உள்ளே படுத்திருந்த மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.