என்னைவிட அதிகமாக அழுதவன்

என் நண்பன் பூசணி செத்த வீட்டில் என்னைவிட அதிகமாக அழுதவன் ஒருவன் இருந்தான். சொல்ல வெட்கமில்லை, என் அழுகையை மறந்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. பூசணியின் கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அல்லவா இருக்கிறது, இவன் யார் நடுவில் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூசணி என் கூட்டாளி. ஆறு வயதில், ஒன்றாம் வகுப்பில், ஒரே பெஞ்சு. அவன் குண்டு, அதனால் பூசணி. நான் குள்ளம், கறுப்பு, அதனால் கத்தரிக்காய். பிற்காலத்தில் நான் தையல் தொழிலுக்குப் போய்க் கத்தரியைக் கையில் எடுத்தபோது, "பேர் வச்சது யாரு? நான்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டான். அவன் டவுன் பஸ் ஓட்டப் போனான். ஐம்பத்து நான்கு வருஷம். கல்யாணம், பிள்ளைகள், வீடு எல்லாம் எங்களுக்கு நடுவில் வந்து சேர்ந்தவைதான்.

பூசணியின் மனைவி எனக்குத் தங்கச்சி முறை மாதிரி. அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"யாரும்மா அது?"

"சந்துக்கடை ஆல்டர்காரர்ண்ணே. இவருக்கு ரொம்ப வேண்டியவரு."

வேண்டியவரா? எனக்குத் தெரியாமல் பூசணிக்கு வேண்டியவர் ஒருவரா? அதுவும் போயும் போயும் ஒரு ஆல்டர்காரன்! நான் துணியை விரித்து, அளந்து, வெட்டித் தைக்கிறவன். ஊரில் என்னை மாஸ்டர் என்பார்கள். ஆல்டர்காரன் என்றால் அடுத்தவன் தைத்ததைப் பிரித்து, இடுப்பைப் பிடித்து, காலைக் குறைத்துக் கொடுக்கிறவன். அடுத்த வீட்டு அடுப்பில் உப்புப் பார்க்கிற பிழைப்பு. அவன் என் பூசணியின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுகிறான், நான் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

பத்து நாள் கழித்துத் தங்கச்சி கூப்பிட்டு அனுப்பினாள். ஏழு சட்டைகளைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள்.

"எல்லாம் உங்க கையால தைச்சதுண்ணே. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. நீங்களே வச்சுக்குங்க."

கண் கலங்கிவிட்டது. பூசணி உடம்பில் வேறு ஒருவன் தைத்த சட்டை ஏறியதே இல்லை. பள்ளிக்கூடம் முடித்த வருஷம் நான் முதன்முதலாகத் தைத்த சட்டையே அவனுக்குத்தான். ஒரு கை இன்னொரு கையைவிட இரண்டு விரல்கடை நீளம். "எனக்கு இந்தக் கைதான்டா நீளம்" என்று சொல்லிக்கொண்டு அது கிழிகிற வரைக்கும் போட்டான். அவனுக்கு நான் டேப் வைத்துப் பதினைந்து வருஷமாகிறது. நெஞ்சு நாற்பத்தாறு, வயிறு நாற்பத்தெட்டு. "அளவு எடுடா" என்பான். "உன் அளவு என் கையில இருக்கு, மூடிட்டு உக்காரு" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன், அவன் போட்டுக்கொண்டால் கச்சிதமாக உட்காரும். அதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

வீட்டுக்கு வந்து, மேஜைமேல் ஒரு சட்டையை விரித்தேன். என்னவோ இடித்தது. உள்பக்கம் திருப்பினேன்.

பக்கத் தையல் என்னுடையது இல்லை.

நூல் வேறு. தையலின் நெருக்கம் வேறு. என் பழைய தையல் பிரிக்கப்பட்டு, ஊசித் துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அடுத்த சட்டையிலும் அப்படித்தான். ஏழிலும் அப்படித்தான். சிலவற்றில் அந்தப் புதுத் தையலையும் பிரித்து, இன்னும் உள்ளே தள்ளி மறுபடி போட்டிருந்தது. நீல நிறக் கட்டம் போட்ட சட்டையில் மூன்று வரித் துளைகளை எண்ணினேன்.

யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? அடப்பாவி, என் தையல் பிடிக்கவில்லை என்றால் என் மூஞ்சிக்கு நேரே சொல்லித் தொலைத்திருக்கலாமே! தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "கத்தரி, உன் கை யாருக்குடா வரும்" என்று சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு எழுந்துபோய் இன்னொருவனிடம் பிரிக்கக் கொடுத்திருக்கிறானே! என் மனைவி, "செத்தவர்மேல என்னங்க கோபம்" என்றாள். செத்தால் என்ன? துரோகம் துரோகம்தான். ஐம்பத்து நான்கு வருஷம் நான் அவனுக்கு யார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். கடையா அது? ஒரு கதவு அகலம். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. கம்பியில் தொங்கிய பேண்ட்டுகளில் துண்டுச் சீட்டுகள் குத்தியிருந்தன. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து ஸ்டூலைத் தள்ளினான்.

"உக்காருங்க மாஸ்டர்."

"நான் விருந்துக்கு வரல. இது உன் வேலையா?" பையைத் தலைகீழாகக் கொட்டினேன்.

"ஆமாங்க."

"நான் தைச்சதைப் பிரிக்க உனக்கு என்னடா தைரியம்? என்ன குறை கண்டுட்டான் அவன்?"

"குறையா? ஐயையோ!" அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தான். "அண்ணன் இளைச்சிட்டாருங்க. போன வருஷம் ஒரு நாள் வந்து, லூசா இருக்கு, ஒரு இஞ்சு பிடிச்சுக் குடுன்னாரு. ரெண்டு மாசத்துல மறுபடி வந்தாரு. மூணாவது தடவை வந்தப்போ நான் டேப் வச்சுப் பாத்தேன். எனக்கே பயமாயிருச்சு. 'அண்ணே, சட்டையை அப்புறம் பிடிக்கலாம், முதல்ல டாக்டரைப் பாருங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அங்கதான் தெரிஞ்சுது."

"எப்போ?"

"பத்து மாசம் இருக்கும்."

பத்து மாதம். எனக்குத் தெரிந்தது கடைசி இரண்டு வாரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "திடீர்னுதான்டா வந்துச்சு" என்றான். நானும் நம்பினேன்.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். கன்னம் ஒட்டியபோது, "பல்லைப் பிடுங்கியிருக்கேன்டா" என்றான். வயிறு இறங்கியபோது, "வாக்கிங் போறேன்டா" என்றான். "பூசணி பொடலங்காயாயிரும் போலிருக்கே" என்று நானும் கிண்டலடித்தேன். ஆனால் உண்மை அதில்லை. நான் ஆளைப் பார்க்கிறவன் இல்லை. நாற்பது வருஷமாக யார் எதிரில் வந்தாலும் என் கண் முதலில் சட்டைக்குத்தான் போகும். தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அக்குளில் சுருக்கம் விழுகிறதா, அவ்வளவுதான். சட்டை தொளதொளத்தால் ஆள் இளைத்துவிட்டான் என்பேன். பூசணி சட்டை கடைசி வரைக்கும் கச்சிதமாக இருந்தது. சட்டை நன்றாக இருந்தால் பூசணி நன்றாக இருக்கிறான். அது அவனுக்குத் தெரியும். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தான், படுபாவி.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட ஏன்டா அவன் சொல்லல? உங்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதே. நான் செத்தா போயிட்டேன்?"

"நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேங்க. அண்ணிகிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. எங்கிட்டயும்தான். 'அவன் கடையில ஒரு மணி நேரம் உக்காந்தா எனக்கு நோயே இல்லைடா. அவனுக்குத் தெரிஞ்சா அங்கேயும் நான் நோயாளி ஆயிடுவேன்'ன்னாரு."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்சம்கூட வரவில்லை. அப்படியென்றால் எனக்கு அரட்டை, இவனுக்கு உயிரா? டாக்டரிடம் கூட்டிப்போனது இவன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியது இவன். அந்த உடம்பு இஞ்சு இஞ்சாகக் குறைந்ததைத் தொட்டுப் பார்த்தது இவன். நான் என்ன செய்தேன்? புடலங்காய் என்று கிண்டலடித்தேன்.

"இங்க வந்து என்ன செய்வான்?"

"சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு, நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த ஸ்டூல்லதான் உக்காருவாரு. நான் தைச்சு முடிக்கிற வரைக்கும் அழுவாரு."

"பூசணி அழுதானா?"

"சத்தமே வராதுங்க. தோள் மட்டும் குலுங்கும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன். மெதுவாவே தைப்பேன்."

ஐம்பத்து நான்கு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அவன் அப்பா செத்தபோதுகூட என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினான், அவ்வளவுதான். அந்த அழுகையையும் இவன் அள்ளிக்கொண்டுவிட்டான். எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று கை துடித்தது. ஆனால் அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும் மாஸ்டர்," என்றான்.

"என்னைப் பாத்தா?"

"உங்க கடையிலேருந்து நேரா இங்க வருவாரு. சந்து முனையில வர்றப்போ சிரிச்சுக்கிட்டே வருவாரு, தனக்குத்தானே. இந்தப் படியில கால் வச்சதும் சிரிப்பு நின்னுடும். பத்து மாசத்துல எங்கிட்ட ஒரு தடவைகூட அவர் சிரிச்சதில்லை." மடித்த சட்டைகளைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினான். "அப்படி என்னதான் பேசிக்குவீங்க ரெண்டு பேரும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்களேன். நானும் அவரை சிரிச்ச முகமா நினைச்சுப் பாத்துக்கிறேன்."

கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான். எதிரில் நின்று, பையை நீட்டியபடியே, காத்திருந்தான். எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

"ஞாபகம் இல்லை," என்றேன்.

பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது.