நிறுவியவரைப் பற்றிய குறிப்பு

என் கொழுந்தனை வேலைக்குச் சேர்த்தது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அலுவலகத்தில் பாதிப் பேர் நான்தான் அவனைச் சேர்த்தேன் என்கிறார்கள், வீட்டில் எல்லோரும் நான்தான் அவனைத் துரத்தப் பார்த்தேன் என்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய்.

எங்களுடையது பார்சல் அனுப்பும் கம்பெனி. எந்தப் பார்சல் எங்கே போகிறது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதையெல்லாம் வெளியாரிடம் ஒப்படைக்காமல், எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் ஒரு குளிர் அறையில் நாங்களே மெஷின்களை அடுக்கிப் பாதுகாக்கிறோம். மூன்று மெஷின்கள் சேர்ந்து ஒரே பெரிய மெஷின் போல வேலை செய்யும். இதற்குச் சொந்த கிளவுட் என்று பெயர். மேகம் என்று பெயர் வைத்தவர் அந்த அறைக்குள் ஒரு தடவைகூட வந்திருக்க மாட்டார். உள்ளே போனால் மெஷின் இரைச்சலில் பேசுகிற பேச்சு நம் காதுக்கே கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன் அந்த கிளவுடை நிறுவியவள் நான். தனி ஆளாக. அன்றிலிருந்து அது ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். இந்த வருடம் மெஷின்கள் பழசாகிவிட்டன என்று பக்கத்து அடுக்கில் புதிதாக மூன்று வாங்கி வைத்தார்கள். அதில் புது கிளவுட் நிறுவ ஆள் தேடினார்கள். வந்து நின்றது என் கணவரின் தம்பி.

அவனுடைய பழைய கம்பெனி மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் சோபாவின் ஒரு மூலை அவன் உட்காருகிற அளவுக்குச் சரியாகக் குழிந்திருந்தது. நேர்முகத்துக்கு அவன் போனதே எனக்குத் தெரியாது. ஆறு மாதம் தற்காலிக வேலை, புது கிளவுட் சோதனையில் தேறினால் நிரந்தரம், மூன்று முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சோதனை செய்கிறவர் யார் என்று கேட்டானாம். அடியேன்தான்.

இந்த வேலையில் இரண்டு ஸ்கிரிப்ட் உண்டு. ஸ்கிரிப்ட் என்றால் வேறொன்றும் இல்லை, கம்ப்யூட்டர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த ஒரு ஃபைல். நிறுவுகிற ஸ்கிரிப்டை அவன் எழுத வேண்டும். அதை ஓடவிட்டால் வெறும் மெஷின்கள் கிளவுடாக மாறும். சோதிக்கிற ஸ்கிரிப்ட் என்னுடையது. அது மூன்று மெஷின்களையும் நாற்பத்திரண்டு கேள்வி கேட்கும். சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. எனக்கு அலுவலகத்தில் சிவப்பு மை என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனை ஸ்கிரிப்டை நிறுவுகிறவர் தொடக் கூடாது, ஓட்டிப் பார்க்கக் கூடாது. அது நான் போட்ட சட்டம். சோதனை அறிக்கையின் கடைசியில் ‘நிறுவியவரைப் பற்றிய குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதுவும் என் கைங்கர்யம்தான்.

முதல் சோதனையில் முப்பத்தொன்பது பச்சை, மூன்று சிவப்பு. முதல் மெஷினில் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு மாற்றப்படவே இல்லை. இரண்டாம் மெஷினில் டிஸ்க் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பியிருந்தது. மூன்றாம் மெஷினில் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடியது. எனக்கு ரத்தம் கொதித்தது. சொந்தக்காரன் என்று சலுகை காட்டினேன் என்று ஒரு நாக்குப் புரளக் கூடாது என்று குறிப்பில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன்.

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னான். பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிட்டானாம். நேற்று வாங்கிய டிஸ்க் எப்படி நிரம்பும் என்று வேறு கேட்டான். நீ கொட்டிய குப்பையாக இருக்கும் என்றேன். பாவம், இரண்டு வாரம் உட்கார்ந்து முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினான். இரண்டாம் சோதனையிலும் அதே மூன்று சிவப்பு. ‘சொன்னதைச் செய்யும் பழக்கம் இல்லை’ என்று எழுதினேன்.

அலுவலகப் பேச்சு வீட்டில் எடுக்கக் கூடாது என்பதும் என் சட்டம்தான். என் மாமியார் அதை மதிக்கிற மாதிரியே மதித்து, சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பார். அவன் மெஷின் எழுந்திருச்சா? கேட்பது அவனை, பார்ப்பது என்னை. என் கணவருக்கு அந்த நேரம் பார்த்துத்தான் செய்தித்தாளில் முக்கியமான செய்தி வரும். கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, எழுந்திருச்சிடும்மா என்பான். அவனுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. நானும் பார்க்காமல் இல்லை. பார்த்தால் மனம் இளகும், இளகினால் சலுகை, சலுகை என்றால் கெட்ட பேர்.

மூன்றாம் சோதனைக்கு இரண்டு நாள் முன்பு அவன் என் இருக்கைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்க எந்த மெஷினைப் பாக்குறீங்க?”

எண்ணெயில் போட்ட கடுகாக வெடித்தேன். மூன்று வருடமாக இந்த அலுவலகத்தைக் காப்பாற்றுவதே என் ஸ்கிரிப்ட்தான், நேற்று வந்த நீ யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் இருக்கைக்குப் போய்விட்டான்.

மூன்றாம் சோதனை பிற்பகலில் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். ஆனால் காலையிலேயே தொலைத்துத் தலைமுழுகிவிடலாம் என்று பதினோரு மணிக்கே ஓடவிட்டேன். முப்பத்தொன்பது பச்சை. அதே மூன்று சிவப்பு. அதே ஏழு நிமிடம். குறிப்பில், ‘இவர் கீபோர்டைத் தொடும் தூரத்தில்கூட இருக்கக் கூடாது’ என்று எழுதி மேலாளருக்கு அனுப்பினேன்.

எங்கள் மேலாளர் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார். சம்பள உயர்வு, உடைந்த நாற்காலி, ஒழுகுகிற குழாய், எல்லாவற்றுக்கும் பார்க்கலாம்தான். அன்றைக்கு மட்டும் பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. மூன்று மணிக்கு இருவரும் வாருங்கள், அவரை அனுப்புகிற கடிதத்தைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன் என்று. படித்ததும் எனக்கு ஏனோ அந்த சோபாவின் குழி ஞாபகம் வந்தது.

மனசு கேட்கவில்லை. அந்தக் கடிகாரத்தை என் கண்ணாலேயே பார்த்து, ஒரு படம் எடுத்து, வீட்டில் யாராவது கேட்டால் காட்டலாம் என்று பன்னிரண்டு மணிக்குக் குளிர் அறைக்குப் போனேன். எலெக்ட்ரீஷியன் புது அடுக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு சாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுக்கில் ஒரு விளக்கும் எரியவில்லை. எப்போது அணைத்தீர்கள் என்று கத்திக் கேட்டேன்.

“ஒன்பதரைக்கேம்மா. சாக்கெட் சூடாகுதுன்னு உங்க தம்பிதான் எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தாரே. ரெண்டு மணிக்குத் திரும்பப் போட்டுடுவேன்.”

மெயில் எனக்கும் வந்திருந்தது. அவனிடமிருந்து வருகிற மெயில் என்பதால் நான் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு என் ஸ்கிரிப்ட் கேட்ட நாற்பத்திரண்டு கேள்விக்கும் பதில் வந்தது. கரண்ட் இல்லாத மெஷின் எப்படிப் பதில் சொல்லும்? அப்படியானால் பதில் சொன்னது யார்? அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. மெதுவாகத் திரும்பிப் பக்கத்து அடுக்கைப் பார்த்தேன். என் பழைய கிளவுட், மூன்று மெஷினும் விளக்கு மினுக்கிக்கொண்டு சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

ஓடி வந்து ஸ்கிரிப்டைத் திறந்தேன். எந்த மெஷின்களைச் சோதிக்க வேண்டும் என்ற முகவரியை அது ஒரு ஃபைலிலிருந்து படிக்கும். நாலு மாதத்துக்கு முன் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று நான் ஃபோல்டர்களை இடம் மாற்றியிருந்தேன். அதனால் ஸ்கிரிப்டுக்கு முகவரி ஃபைல் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். சத்தம் போடாமல் பழைய கிளவுடுக்குப் போய்விடு என்று. அதற்கு மேலே என் கையாலேயே ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். நாளைக்கு எடுத்துவிட வேண்டும்.’ தேதி போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அறிக்கையிலும் முதல் மெஷின், இரண்டாம் மெஷின் என்றுதான் வரும், பெயர் வராது. அதுவும் என் சிக்கனம்தான்.

நானே நிறுவியது என்பதால் என் கிளவுடை நான் சோதித்ததே இல்லை. மாற்றாத பாஸ்வேர்டு என்னுடையது. நிரம்பி வழிகிற டிஸ்க் என்னுடையது. ஏழு நிமிடமும் என்னுடையதுதான். டெலிவரிப் பிரிவு அக்கா ஒரு வருடமாக, பார்சல் வாசலுக்குப் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிட்டதாகக் காட்டுகிறது என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். உங்கள் ஆட்களின் கைக்கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்று அவரை விரட்டியிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடனே வந்தது நல்ல புத்தி இல்லை. இது யாருக்கும் தெரியாது. எலெக்ட்ரீஷியனுக்கு இதில் அக்கறை இல்லை. இரண்டு மணிக்குச் சரியான முகவரியில் ஓடவிடலாம். தேறினால் மூன்று மணிக்குப் போய், பாவம் சார், இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன், இப்போது சரியாகிவிட்டது என்று பெரிய மனுஷியாகச் சொல்லலாம். கொழுந்தன் காலில் விழாத குறையாக நன்றி சொல்வான். மாமியார் ஒரு மாதத்துக்கு என்னைத் தாங்குவார். என் மானமும் கப்பல் ஏறாது.

அந்த வரியைத் திருத்தினேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. புது மெஷின்கள் முழுசாக எழட்டும் என்று கால் மணி நேரம் பொறுத்து ஓடவிட்டேன். நாற்பத்திரண்டும் பச்சை. அந்தத் திரை முழுக்கப் பச்சையாக நான் பார்த்ததே இல்லை. என்னுடையதே முப்பத்தொன்பதுதானே. சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மேலாளர் அறையில் கடிதம் மேஜைமேல் இருந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடப் பேனாவும் பக்கத்தில் இருந்தது. மேலாளர் என் மூன்று குறிப்புகளையும் வரிசையாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். கீபோர்டைத் தொடும் தூரத்தில்கூட என்ற இடத்தில் அவருக்கே குரல் தாழ்ந்தது. பெரிய மனுஷியாகப் பேச வேண்டிய வசனத்தை நான் வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் அவனைப் பார்த்து, இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்றார். என்மேல் புகார் சொல்ல அவனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“அவங்க பாத்துச் சொன்னா சரியாதான் சார் இருக்கும். என் கண்ணுக்குத்தான் தப்பு தெரியல.”

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“அதை வை தம்பி,” என்றேன். “சார், அந்தக் குறிப்பு இவனைப் பத்தினது இல்ல. என்னைப் பத்தினது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோல்டர், முகவரி, நாளைக்கு எடுக்க வேண்டிய வரி, பாஸ்வேர்டு, டெலிவரிப் பிரிவு அக்கா, இரண்டு மணிக்குப் பிறகு வந்த நாற்பத்திரண்டு பச்சை. நடுவில் மறைக்கப் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். மேலாளர் முழுவதையும் கேட்டார். கடைசியில் பார்க்கலாம் என்றார். கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். நாளைக்குள் இவர் உங்கள் பழைய கிளவுடை முழுசாகச் சோதித்து, அதே படிவத்தில், கடைசிக் கட்டம் உட்பட நிரப்பித் தர வேண்டும் என்றார். கொழுந்தன் தலையாட்டினான். வெளியே வந்து நான் மன்னிப்புக் கேட்டபோது, பரவாயில்லை அண்ணி என்றான். அவன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மாமியார் வழக்கம்போல அவன் மெஷின் எழுந்துவிட்டதா என்று கேட்டார்.

“என்னுது எழுந்து உக்காந்துடுச்சும்மா,” என்றான். “அண்ணியோடதுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்ல.”

செய்தித்தாளுக்குப் பின்னால் என் கணவர் இருமினார். அது இருமல் இல்லை. அலுவலகப் பேச்சு எடுக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் அன்று யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் மதியம் அறிக்கை வந்தது. இந்த முறை அவனிடமிருந்து வந்த மெயிலை உடனே திறந்தேன். முப்பத்தொன்பது பச்சை, மூன்று சிவப்பு, எல்லாம் முறைப்படி. கடைசிக் கட்டத்துக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று குறிப்புக்கு ஈடாக மூன்று குறிப்பு எழுதியிருந்தாலும் கேட்க எனக்கு வாயில்லை. திறந்து படித்தேன்.

‘கேள்வி கேட்டால் கோபம் வரும். தப்பு தன்னுடையது என்று தெரிந்தால் தானே சொல்லிவிடுவார். இவரிடமே வேலை பார்க்க விரும்புகிறேன்.’

இரண்டு தடவை படித்தேன், மனசு நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ள முடியுமா? எழுந்து நேராக அவன் மேஜைக்குப் போனேன்.

“எந்த ஆளைப் பாத்துடா இதை எழுதினே?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முகவரியை ரெண்டு தடவை சரிபாத்துட்டுத்தான் எழுதினேன், அண்ணி.”