வேகவேகக் கருத்த வைக்கோல்

நாள் முழுக்கக் கொட்டகையில் வைக்கோலை வேகவைப்பதால் அவருக்குச் சமையல்காரர் என்று பெயர் விழுந்திருந்தது. பெயர் வைத்தவர் தங்கை புருஷன். தொழிலில் கூட்டாளியும் அவர்தான். எரிசாராயமும் தண்ணீரும் கலந்த கரைப்பானில், வினையூக்கியாகக் கொஞ்சம் அமிலம் விட்டு, மூடிய எஃகுக் கொப்பரையில் வேகவைத்தால், இழைகளை இறுகப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பசை கரைந்துவிடும். காகிதத்துக்கேற்ற வெளிறிய நார் மிஞ்சும். மிஞ்ச வேண்டும். ஆனால் வேகவேக நார் கருத்துக்கொண்டே போனது.

கொப்பரை காகித ஆலையுடையது. மதியம் வரும் ஆலைப் பொறியாளர் நல்ல நாரைப் பார்க்காவிட்டால் அதை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

"அமிலத்தக் கூட்டினேன், கருத்துச்சு. குறைச்சேன், அப்பவும் கருத்துச்சு. மண்டையே வெடிச்சிரும் போல இருக்கு மாப்ளே."

"அடிப்பிடிச்சிருக்கும் மச்சான். உங்க குடும்பத்துக் கைப்பக்குவமே அதுதானே. உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க."

சமையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வடித்த சாறு கன்னங்கரேலென்று இருந்தது. பசை வெளியே வந்ததற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? வெளியே வந்த பசை நாரிலும் எப்படி இருக்கும்? ஒன்றும் பிடிபடாமல், சாறு பட்ட கையைக் குழாயில் நீட்டினார். தண்ணீர் பட்டதும் சாறு கலங்கி, விரலெல்லாம் பழுப்பாகப் பிசுபிசுத்தது. கழுவக் கழுவப் போகவில்லை.

பக்கத்தில் மாப்பிள்ளை, அப்போதுதான் எடுத்த நாரின்மேல் வழக்கம்போலத் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனார்.

"ஐயோ, நிறுத்துங்க!"

சாற்றில் தண்ணீரைக் கலந்து லிக்னினைத் தூளாகப் படியவைப்பது தினமும் இருவரும் பீப்பாயில் செய்கிற வேலைதான். அதே தண்ணீரை நாரில் ஊற்றினால், அதில் ஊறி நிற்கும் சாற்றின் பசை இழைமேலேயே படியாதா?

"அப்ப கழுவவே கூடாதா?"

"முதல்ல சூடான கரைப்பான். அப்புறந்தான் தண்ணி."

"மிச்சம் இருக்கறதே ஒரு கேன். அதையும் ஊத்திட்டா, வர்றவருக்கு எதை வச்சு வேகவச்சுக் காட்டுவீங்க?"

சரியா தப்பா என்று சமையல்காரருக்கே தெரியவில்லை. "ஊத்துங்க," என்றார்.

கேனை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கி ஊற்றினார்கள். முதலில் கறுப்பாக வடிந்தது; பிறகு பழுப்பாக; கடைசியில் தெளிந்தது. அப்புறம் தண்ணீரில் அலச, நார் வெளிறித் தெரிந்தது.

பொறியாளர் லாரியோடுதான் வந்தார். நாரைப் பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, திரும்பத் திரும்பக் கசக்கினார்.

"வேற வைக்கோலா?"

"அதேதாங்க."

"எங்க, இன்னொரு தடவை வேகவைங்க பார்ப்போம்."

"கரைப்பான் தீந்துபோச்சுங்க."

பொறியாளர் கொப்பரையைப் பார்த்தார், நாரைப் பார்த்தார். எப்படி வெளுத்தது என்று அவருக்குப் புரியவில்லை.

"நாளைக்குக் கேன் நானே கொண்டாறேன். என் கண்ணு முன்னாடி செய்யணும்," என்றவர், லாரிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். "நீ காலியாவே போப்பா."