பெடலுக்கு ஒரு விரல்

இன்னொரு சுற்று. இன்னும் ஒரே ஒரு சுற்று முறுக்கு, போதும்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து, கதவுக் கண்ணாடியில் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்து மனதுக்குள்தான் சொன்னாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தவை அவள் புருஷனின் கால்கள். உடம்பின் மற்ற பாகமெல்லாம் வண்டிக்கு அடியில்.

"மிதி... விடு. தொட்டதும் பிடிக்குதா?"

"பிடிக்குது."

"அப்படித்தான் இருக்கணும். பெடல்னா லொடலொடன்னு ஆடக் கூடாது."

தண்ணீர் கேட்காமல் காற்றிலேயே ஆறிக்கொள்ளும் பழைய வண்டி அது. எஞ்சின் பின்னால். கிளட்ச் பெடலில் கிளம்பும் கேபிள் வண்டியின் வயிற்றுக்குள் ஓடி, பின்னால் கியர்பெட்டியருகே இரண்டு காது வைத்த ஒரு நட்டில் முடிகிறது. நட்டை முறுக்கினால் கேபிள் இறுகும். ஆனால் பெடல் ஒரு விரல் அளவு சும்மா இறங்கிய பிறகுதான் கேபிள் பிடிக்க வேண்டும். அந்த ஒரு விரல் இல்லாவிட்டால், காலே வைக்காதபோதும் கிளட்ச் பாதி மிதிபட்டே இருக்கும். வழுக்கி வழுக்கிக் கருகிப்போகும்.

எட்டு மாதத்துக்கு முன் முதல் கிளட்ச் கருகியபோது, அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் மெக்கானிக் இதை அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். இரவுச் சாப்பாட்டின்போது அப்படியே ஒப்பித்தாள். வெளியூரிலிருந்து கொழுந்தனும் வந்திருந்த நாள்.

"கிளட்ச் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்குறியா?" என்றான் புருஷன். "டேய், உங்க அண்ணிக்குச் செருப்பு வாங்கப் போனா கடைக்காரன் அளவு பாக்க மாட்டான்டா, எடை போடுவான். காலா அது? செங்கல்! அதைத் தூக்கிப் பெடல் மேல வெச்சிருந்தா கிளட்ச் கருகாம பூக்குமா?"

கொழுந்தனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு அவள் 'செங்கல் அண்ணி'.

மறுநாள் சாவி புருஷனின் சட்டைப்பைக்குள் போனது. ஞாயிறுதோறும், படுத்த படுக்கையாகிவிட்ட தங்கையைப் பார்க்க அவளே ஓட்டிக்கொண்டு போவாள். அது நின்றது. பஸ்ஸில் போனால் இரண்டு மாறி, இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும். எட்டு மாதத்தில் நான்கு முறைதான் போக முடிந்தது. நான்காவது முறை தங்கை அவளை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரமாயிற்று.

அதற்குப் பிறகுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள். மாதாமாதம் அவன் முறுக்க, அவள் "பிடிக்குது" என்றாள். பொய்யில்லையே. அவன் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது கருகல் வாசனை அடித்தால் அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசிக்கும். இப்படியும் ஒரு பசி தனக்குள் இருந்ததா என்று பயந்தாள். பயந்துகொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் கொழுந்தன் மறுபடி வந்தான். அண்ணனும் தம்பியும் வண்டியில் கிளம்பினார்கள். தெருமுனை மேட்டில் எஞ்சின் ஊரைக் கூட்டியது, வண்டி அசையவில்லை. தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மெக்கானிக் வருவதற்குள், தம்பி குளிக்கப் போன சமயம் பார்த்துப் புருஷன் வண்டிக்கடியில் புகுந்தான். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். நட்டைத் தளர்த்தினான். எழுந்து வந்து பெடலுக்கு மேல் விரல் வைத்து அளந்தான். சரியாக ஒரு விரல். ஆக, அன்று அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் அவனுக்கு நினைவிருக்கிறது.

மெக்கானிக் வந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். "கேபிள் சரியாத்தான் சார் இருக்கு. பிளேட்டுதான் போச்சு. அப்போ யாரோ பெடல்லயே காலை வெச்சு ஓட்டியிருக்காங்க. யாரு ஓட்டுறது?"

"இதுக்கு விசாரணைக் கமிஷன் வேறயா?" கொழுந்தன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "எங்க செங்கல் அண்ணியைக் கூப்பிடுங்க!"

வாசலுக்கு வந்து நின்ற அவளருகே புருஷன் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினான். பல வருடமாக அவள் கேட்டிராத குழைவு அந்தக் குரலில்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சாவி இப்பவே உன் கையில. ஞாயித்துக்கிழமை நீயே ஓட்டிட்டுப் போய்த் தங்கச்சியப் பாத்துட்டு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எதற்கு அவள் ஏங்குகிறாள் என்பது இத்தனை நாளும் இவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தெரிந்தேதான் சட்டைப்பைக்குள் வைத்திருந்திருக்கிறான். இந்தக் கிளட்ச் கருகியதில் அவளுக்கும் பங்கு உண்டு. அவள் வாய்க்கு உண்டு. காலுக்கு இல்லை.

"என்ன அண்ணி, நின்னுட்டே தூங்கிட்டீங்களா?"

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். "நான் வண்டிய ஓட்டி ஒன்பது மாசம் ஆச்சுங்க."

கொழுந்தனின் துண்டு தலையிலேயே நின்றது.

"ஏய், என்ன உளர்றே?" புருஷன் பல்லைக் கடித்தான். "நான்தான்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்றாள். குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை.